மாற்றிப் போட ஒன்றுமில்லை

சின்னவளின் லேப்டாப்பில் இருந்த குறை சின்னதுதான். ஃபேன் கத்தியது. திறந்து வைத்த சிறிது நேரத்தில் முனகத் தொடங்கி, அவள் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதெல்லாம் காதுக்குள் கொசு புகுந்தாற்போல் இரையும். வேறு எந்தத் தொந்தரவும் இல்லை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது அதை வாய்விட்டுச் சொன்னதுதான் வினையாகிவிட்டது.

"சர்வீஸ் சென்டரா?" என்றார் அக்காவின் கணவர். "வீட்டுல ஒருத்தன் காலம்பூரா இதே வேலையா உக்காந்திருக்கேன். நீ ஊரான் கையில கொண்டுபோய்க் குடுப்பியா?"

"அதுக்கில்ல அத்தான். இது லேப்டாப்."

"இருக்கட்டுமே. அதுக்குள்ளயும் கம்ப்யூட்டர்தானே இருக்கு, கத்திரிக்காயா இருக்கு?"

அவரைத் தெருவில் பெட்டிக்காரர் என்பார்கள். கண்ணாடி வெட்டும் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவே, ஆள் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய முடியும் என்கிற அகலத்தில் அவர் கடை. உள்ளே சுவர் முழுக்க டெஸ்க்டாப் பெட்டிகள். கணக்கு எழுதும் அலுவலகங்கள், அச்சகங்கள், இரண்டு பள்ளிக்கூடங்கள் என்று அக்கம்பக்கத்தில் எங்கே பெட்டி படுத்தாலும் அவருக்குத்தான் போன் வரும். கை ராசிக்காரர். பழைய மாடல் லேப்டாப்கள் சிலவற்றுக்கு பேட்டரியும் கீபோர்டும் மாற்றிக் கொடுத்ததுண்டு. புதிதாக வரும் மெல்லிய ரகங்களை, "நேரமில்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். நேரம் இல்லாதது காரணமில்லை என்பது அவர் மனைவிக்குத் தெரியும்.

"உங்களுக்குப் பழக்கமில்லாத சாமான்," என்றாள் பெரியவள், தண்ணீர் ஊற்றியபடி. "அவ பிழைப்பே அதுலதான் இருக்கு. விட்டுடுங்களேன்."

அந்தப் பேச்சு இல்லாமலிருந்தால் ஒருவேளை விட்டிருப்பார். மச்சினி முன்னால் மனைவி இப்படிச் சொன்ன பிறகு விட முடியுமா? "நாளைக்கு மத்தியானம் வந்து வாங்கிக்க," என்று லேப்டாப்பை எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

சின்னவள் ஒரு மரவேலைப் பட்டறைக்குச் சமையலறை வரைபடம் போடுபவள். எந்த அலமாரி எவ்வளவு உயரம், எந்த இழுப்பறை எந்தப் பக்கம் திறக்கும் என்பதெல்லாம் அவள் கணக்கு. அப்போது அவள் கையில் இருந்த வேலை, சக்கர நாற்காலியில் நடமாடும் ஓர் அம்மாளின் சமையலறை. மேடை தாழ்வாக இருக்க வேண்டும், அடியில் முழங்கால் போக இடம் வேண்டும், அடுப்பு கைக்கு எட்ட வேண்டும். அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தபடி கையை நீட்டி நீட்டிக் காட்ட, இவள் அளந்து அளந்து திருத்தியிருந்தாள். வேலை முடிந்த மாதிரிதான். செவ்வாய்க்கிழமை பட்டறையில் பலகை அறுக்கத் தொடங்குவார்கள். திங்கட்கிழமை காலை முழுக்க அவளுக்கு வெளிவேலை இருந்ததால், லேப்டாப்பை விட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை பெட்டிக்காரர் மேசையைத் துடைத்து, ஒரு வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டார்.

அடிமூடியைக் கழற்றுவதற்கே பாதிப் பொறுமை போய்விட்டது. டெஸ்க்டாப்பில் பின்னால் இரண்டு திருகு, கையாலேயே சுழற்றலாம், பக்கவாட்டுத் தகடு கதவு போல வந்துவிடும். இதிலோ ஒவ்வொரு ஸ்க்ரூவும் ஒவ்வொரு நீளம். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் மூடி அசையவில்லை. ஓரத்தைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள். பழைய சிம் கார்டு ஒன்றைச் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நெம்பினார். ஒவ்வொரு கொக்கியும் விடும்போது எலும்பு முறிவது போல ஒரு சத்தம்.

உள்ளே பாதி இடத்தைக் கறுப்பாக அடைத்துக்கொண்டு பேட்டரி படுத்திருந்தது. முதலில் அதன் இணைப்பைப் பிரித்துவிட்டுத்தான் மற்றதில் கை வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. இணைப்பின் மேல் ஒரு கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. நகத்தால் கிளப்பிப் பார்த்தார். டேப்போடு சேர்ந்து, கீழே இருந்த காகிதம் போன்ற ஒரு பட்டை ஒயரும் மேலே வந்தது. அது கிழிந்தால் தீர்ந்தது கதை. விட்டுவிட்டார். சுவிட்சு ஆஃப். சார்ஜரும் இல்லை. ஃபேனுக்கு மூன்றே மூன்று ஸ்க்ரூ. இதற்குப் போய் அதைக் கிழித்து வைப்பானேன்?

டெஸ்க்டாப்பில் பிளக்கைப் பிடுங்கிவிட்டால் பெட்டி செத்தது. அதற்குப் பிறகு உள்ளே எங்கே வேண்டுமானாலும் கை விடலாம். அந்தப் பழக்கம் அவர் கைக்குள் ஊறிப் போயிருந்தது.

இரண்டு ஸ்க்ரூ சமர்த்தாக வந்தன. மூன்றாவதன் தலை தேய்ந்திருந்தது. கொஞ்சம் அழுத்தினார். ஸ்க்ரூடிரைவரின் முனை வழுக்கி மதர்போர்டின் மேல் ஒரு கோடு இழுத்துக்கொண்டு போனது. சின்னதாக ஒரு பொறி. தீக்குச்சி உரசின அளவுகூட இல்லை. "டிக்" என்றொரு சத்தம். அவ்வளவுதான்.

இன்னும் மெல்ல அழுத்தி அந்த ஸ்க்ரூவையும் கழற்றினார். பிறகு ஃபேனை எடுத்து, கம்பளித் துண்டு மாதிரி அடைத்திருந்த தூசியைத் தூரிகையால் தட்டி, சொட்டு எண்ணெய் விட்டு, திரும்பப் பொருத்தினார். வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. நிமிர்த்திப் போட்டு சுவிட்சை அழுத்தினார். விளக்கு வரவில்லை. சார்ஜரைச் செருகி அழுத்தினார். அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தார். ஒன்றுமில்லை.

எழாத பெட்டிகள் அவருக்குப் புதிதல்ல. பவர் சப்ளையைச் சந்தேகித்தால் அலமாரியிலிருந்து இன்னொன்றை எடுத்து மாட்டுவார். ரேமைச் சந்தேகித்தால் வேறு ரேம். அப்படியும் எழாவிட்டால் போர்டையே மாற்றிவிட்டு, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் போட்டு, "உங்க ஃபைல் எல்லாம் பத்திரமா இருக்கு" என்று போன் செய்வார். இப்போதும் பழக்கதோஷத்தில் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். வரிசையாக பவர் சப்ளைகள். டப்பா நிறைய ரேம். இதற்கு ஆகிற ஒரு பொருள் அதில் இல்லை. இதில் ரேம் போர்டோடு ஒட்டிக்கிடந்தது. ஹார்ட் டிஸ்க் என்று தனியே ஒன்று கிடையாது. அந்த இடத்தில் ஒரு கறுப்புச் சில்லு, அதுவும் போர்டோடு போர்டாக. எதைக் கழற்றி எதை மாட்டுவது?

மத்தியானம் சின்னவள் வந்தாள். வெயிலில் முகம் கறுத்திருந்தது. கழுத்தில் அளவுநாடா தொங்கியது.

"கத்தல் நின்னுடுச்சா அத்தான்?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தார். வாய் வேறொன்றைச் சொன்னது. "நின்னுடுச்சு. ஆனா வேற ஒண்ணு. ஃபேன்ல தூசி அடைச்சு ரொம்ப நாளா உள்ள சூடு ஏறியிருக்கு. போர்டு ஏற்கனவே நொந்து போயிருந்திருக்கும். நான் திறந்து மூடினதுக்கப்புறம் எழுந்திரிக்கல."

"எழுந்திரிக்கலைன்னா?"

"பவரே வரல."

அவள் சுவிட்சைத் தானே அழுத்திப் பார்த்தாள். பிறகு, "சரி, டிஸ்க்கைக் கழட்டிக் குடுங்க. வேற எதுலயாவது போட்டு வரைபடத்தை மட்டும் எடுத்துக்கறேன். நாளைக்குப் பலகை அறுக்கறாங்க," என்றாள்.

"இதுல கழட்ட முடியாதும்மா. போர்டோட சேர்ந்தது."

"நீங்கதானே எப்பவும் சொல்வீங்க, பெட்டி செத்தாலும் டிஸ்க் சாகாதுன்னு?"

"அது பெட்டி," என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

பட்டறையில் இருந்த பிரதி பழையது. அதற்குப் பிறகுதான் எல்லா உயரமும் மாறியிருந்தது. அவள் கத்தவில்லை, அழவில்லை. கடை வாசலில் நின்று பட்டறைக்குப் போன் செய்து, "நான் சொல்ற வரைக்கும் அறுக்காதீங்க" என்றாள். எதிர்முனையில் ஏதோ சத்தமாகச் சொன்னார்கள். போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டாள். அவர் லேப்டாப்பை அந்த வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"போர்டு அக்கான்னு ஒருத்தங்க இருக்காங்க," என்றார். "செத்த போர்டையெல்லாம் எழுப்பறவங்க. வா, போய்ப் பார்க்கலாம்."

போர்டு அக்கா இவரைவிட இளையவர். ஆனாலும் தொழிலில் இருந்த எல்லோருக்கும் அக்கா. மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில், ஜன்னலை ஒட்டி அவர் மேசை. மைக்ரோஸ்கோப், அதில் தெரிவதைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு மானிட்டர், சாலிடரிங் கருவிகள். மூலையில் செத்த போர்டுகள் தட்டுத்தட்டாக அடுக்கியிருந்தன. இருவரும் ஒரே தொழில் என்றாலும் பெட்டிக்காரர் அந்தப் படியேறியது அதுவே முதல் தடவை.

"அதிசயமா இருக்கே, வாங்க அண்ணா," என்றார் அக்கா. "எப்படிப் போச்சு?"

"ஃபேன் அடைச்சு சூட்டுல போயிருக்கும்போல," என்றார் பெட்டிக்காரர். ஒரு பொய்யைச் சொன்னால் அதைச் சுமந்துகொண்டே மாடி ஏற வேண்டியிருக்கிறது.

"பேட்டரியைப் பிரிச்சுட்டுத்தானே கை வெச்சீங்க?"

"ம்."

அக்கா மூடியைக் கழற்றினார். டேப்பின் ஓரத்தில் சொட்டுத் திரவம் விட்டுச் சற்றுப் பொறுத்தார். அது தானாகவே இளகி வந்தது. பேட்டரி இணைப்பைப் பிரித்து, போர்டை வெளியே எடுத்து, மீட்டரின் முனைகளை இங்கும் அங்கும் வைத்தார். ஓரிடத்தில் மீட்டர் விடாமல் கூவியது.

"மெயின் லைன் ஷார்ட்டு," என்றார். கொஞ்சமாகக் கரண்டு கொடுத்து, விரல் நுனியால் தடவிப் பார்த்தார். "எதுவும் தனியாச் சூடாகல. மொத்தமா வெதுவெதுன்னு இருக்கு. இந்த லைன்ல ஏகப்பட்ட பார்ட்ஸ் தொங்குது. நீங்க சொல்ற மாதிரி சூட்டுல போச்சுன்னா பிராசசர் பக்கத்துலதான் போயிருக்கணும். அங்கேருந்து ஒண்ணொண்ணாக் கழட்டிப் பார்க்கணும்."

"செஞ்சா வரைபடம் வந்துடுமா?" என்று கேட்டாள் சின்னவள்.

"போர்டு எழுந்தா எல்லாம் வரும். எழுந்திரிக்காட்டி ஒண்ணும் வராது. மறைக்காம சொல்லிடறேன்: பிராசசர் பக்கத்துலதான் உங்க ஃபைல் இருக்கற சில்லும் இருக்கு. ஹாட் ஏர் காட்டும்போது அதுவும் சேர்ந்து சூடாகும். அனேகமாத் தாங்கும். தாங்காமலும் போகலாம். வேற வழி தெரியல."

சின்னவள் அத்தானைப் பார்த்தாள். "என்ன அத்தான், செய்யச் சொல்லட்டுமா? நீங்க சொன்னாச் சரி."

அவர் தலையசைத்தாரா இல்லையா என்று அவருக்கே நிச்சயமில்லை. அக்கா சில்லின் மேல் பளபளக்கும் தாளை மறைப்பாக ஒட்டினார். சூடான காற்றை ஊதும் கருவி இரையத் தொடங்கியது. அதன் மூக்கு மெல்ல போர்டை நோக்கி இறங்கியது.

"நில்லுங்க," என்றார் பெட்டிக்காரர்.

அக்கா கையை உயர்த்தினார்.

"சூட்டுல போகல. நான்தான். பேட்டரியைப் பிரிக்காம ஃபேனைக் கழட்டினேன். ஸ்க்ரூடிரைவர் வழுக்கிடுச்சு. ஒரு பொறி வந்தது."

அக்கா காற்றுக் கருவியை நிறுத்தினார். கீழே கடையில் யாரோ எழுத்துகளைப் படித்துக்காட்டும் குரல் மட்டும் கேட்டது. சின்னவள் அவரைப் பார்க்கவில்லை. மேசை விளிம்பைப் பிடித்திருந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்த இடத்துல?" என்றார் அக்கா. குரலில் கோபமில்லை, வேலைதான் இருந்தது.

அவர் விரலால் காட்டினார். ஃபேன் ஒயர் செருகும் இடத்துக்குப் பக்கம், பிராசசருக்கு எதிர்க்கோடி. அக்கா போர்டைத் திருப்பி மைக்ரோஸ்கோப்பின் அடியில் வைத்தார். மானிட்டரில் பச்சை வயல் மாதிரி போர்டு விரிந்தது. அதன் குறுக்கே வாய்க்கால் வெட்டினாற்போல் ஒரு பளிச்சென்ற கீறல். கீறல் முடியும் இடத்தில், எள்ளில் பாதியளவு இருந்த ஒரு பாகம் ஓரத்தில் கருகி விரிசல் விட்டிருந்தது.

"இதோ இருக்கார்," என்றார் அக்கா.

சாலிடரிங் முனையால் தொட்டு அதை மட்டும் எடுத்தார். மீட்டரை வைத்தார். கூவல் இல்லை. மூலையில் இருந்த செத்த போர்டு ஒன்றிலிருந்து அதே மாதிரி ஒன்றைப் பெயர்த்து, இடுக்கியின் நுனியில் பிடித்து, அந்த இடத்தில் உட்கார வைத்தார். எல்லாவற்றையும் திரும்ப மாட்டி சுவிட்சை அழுத்தியதும் விளக்கு வந்தது. திரை வெளுத்தது. சின்னவளின் பாஸ்வேர்டைக் கேட்டது.

அவள் வேறு எதையும் திறந்து பார்க்கவில்லை. வரைபடத்தை முதலில் பட்டறைக்கு அனுப்பினாள். பிறகு பென் டிரைவில் ஒன்று, அக்காவிடம் இருந்த இன்னொன்றில் ஒன்று.

"டாக்டர்கிட்டயும் வக்கீல்கிட்டயும் பொய் சொல்லக் கூடாதும்பாங்க," என்றார் அக்கா பெட்டிக்காரரிடம், கருவிகளை எடுத்து வைத்தபடி. "எங்களையும் அதுல சேர்த்துக்குங்க அண்ணா. நான் பாட்டுக்கு அந்தப் பக்கம் சூடு வெச்சிருப்பேன்."

"தெரியும்," என்றார் அவர்.

படியிறங்கியதும் சின்னவள், "நான் பஸ்ல போயிக்கறேன்," என்றாள். அத்தான் என்ற சொல் அந்த வாக்கியத்தில் இல்லை.

அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது. பெரியவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் உட்கார்ந்ததும் கேட்டாள்.

"கடைக்கு வந்தப்பவே சொல்லியிருந்தா அவ என்ன பண்ணியிருப்பா? திட்டியிருப்பா. ஒரு திட்டுக்கு இவ்வளவு பயமா?"

"பயம் இல்ல. இத்தனை வருஷத்துல ஒரு பெட்டியைக்கூட நான் கெடுத்ததில்ல. அதான்... வாய் வரல."

"கெடுத்திருக்கீங்க," என்றாள் அவள், ஒரு சட்டையை உதறி. "எத்தனையோ தடவை வந்து என்கிட்டயே சொல்லியிருக்கீங்க, கை தவறி அது போச்சு, இது போச்சுன்னு. அலமாரியில இன்னொண்ணு இருந்தது, எடுத்து மாட்டிட்டீங்க. யாருக்கும் தெரியல. கொஞ்ச நாள்ல உங்களுக்கே மறந்து போச்சு."

யோசித்துப் பார்த்தபோது அவருக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. கால் வளைந்த பிராசசர். தலைகீழாகச் செருகிய ஒயர். அச்சகத்துப் பெட்டியில் உடைந்த ரேம் பிடிப்பு. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டார்.

பலகை ஒரு நாள் தள்ளி அறுக்கப்பட்டது. அந்த அம்மாளின் சமையலறை நன்றாகவே அமைந்தது என்று பெரியவள் மூலமாகத்தான் அவருக்குத் தெரிந்தது. சின்னவள் அக்கா வீட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை. வந்தாள், சாப்பிட்டாள், "நல்லா இருக்கீங்களா?" என்று விருந்தாளியைக் கேட்பது போல அவரைக் கேட்டாள். முன்பெல்லாம் அவர் தட்டிலிருந்தே உரிமையோடு எடுத்துச் சாப்பிடுகிறவள். அவர் ஒருமுறை மன்னிப்புக் கேட்டார். "பரவால்ல," என்றாள். அந்தப் பரவாயில்லையைவிட நாலு அறை விட்டிருக்கலாம்.

அவர் கடையிலும் சில மாற்றங்கள் வந்தன. லேப்டாப் கொண்டுவருபவர்களிடம் நேரமில்லை என்று சொல்வதை விட்டுவிட்டார். "இதைத் திறந்தா மூடிக் கொக்கி உடையலாம். உள்ள ஒயர் கிழியலாம். டிஸ்க் தனியா இல்லேன்னா உங்க ஃபைலுக்கு நான் பொறுப்பேத்துக்க முடியாது. முதல்ல காப்பி எடுத்துட்டு வாங்க," என்று முன்கூட்டியே சொன்னார். சிலர் அதைக் கேட்டுப் பயந்து லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டார்கள். போர்டு வேலை என்றால் தானே மாடியேறி போர்டு அக்காவிடம் கொடுத்தார். வேலை நடக்கும்போது பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தார். அக்காவுக்கு அது பிடித்ததா என்று தெரியவில்லை. போகச் சொல்லவில்லை.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒருநாள் கடைக்குப் போன் வந்தது.

"அத்தான், எனக்கு வீட்டுல வெச்சுக்க ஒரு பெட்டி வேணும்," என்றாள் சின்னவள். "கையில தூக்கிட்டுப் போக லேப்டாப். வேலை எல்லாம் பெட்டியில. டிஸ்க் ரெண்டு போடுங்க. ரெண்டும் கழட்டற மாதிரி."

"வேற யார்கிட்டயாவது..." என்று இழுத்தார்.

"வேற யாருக்கு அத்தான் பெட்டியைப் பத்தித் தெரியும்? ரொம்பப் பண்ணாதீங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாமான்களை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். ஜன்னல் பக்கம் தரையில் செய்தித்தாள் விரித்து, காலிப் பெட்டியைப் படுக்க வைத்து, ஒவ்வொன்றாகப் பொருத்தினார். பெரியவள் நாற்காலியில் உட்கார்ந்து தங்கையின் புதிய வரைபடங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். சின்னவள் தரையில் சம்மணமிட்டு, அவர் கையையே கவனித்துக்கொண்டிருந்தாள். போர்டின் கடைசி ஸ்க்ரூவை விரலால் எடுத்து வைக்கும்போது அது நழுவி எங்கேயோ உள்ளே போய்விட்டது.

"ஒரு ஸ்க்ரூ உள்ள விழுந்துடுச்சு," என்றார் உடனே, கொஞ்சம் தேவைக்கு அதிகமான சத்தத்தில். "போர்டுக்கு அடியில போயிருக்கும். அது உள்ள இருக்கும்போது கரண்டு குடுத்தா எல்லாம் போயிடும்."

அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவள்தான் முதலில் சிரித்தாள். பிறகு சின்னவளும் அடக்க முடியாமல் சிரித்தாள்.

"ஊருக்கெல்லாம் மைக் போட்டுச் சொல்லுங்க அத்தான்," என்றாள். "எடுத்துடலாமா, முடியாதா?"

"இது பெட்டிம்மா."

அவர் எழுந்து நின்று, பெட்டியை இரு கைகளாலும் தூக்கி, தலைகீழாகக் கவிழ்த்து, சல்லடையைக் குலுக்குவது போல் குலுக்கினார். உள்ளே கடகடவென்று உருண்டு, ஸ்க்ரூ செய்தித்தாளின் மேல் வந்து விழுந்தது. சின்னவள் அதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு, டீ போட எழுந்து போனாள்.